ஸ்பீக்கர் உறுமுகிறதா? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே இருக்கிறதா? புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கக் காரைக்குடிக்குப் பஸ் ஏறாதீர்கள். பெரும்பாலும் ஆம்ப் மேல் குற்றம் இருக்காது.

1. காதைக் கொடுத்துக் கேளுங்கள். தாழ்ந்த, சீரான ‘ம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எங்கோ நுழைகிறது. ‘ஸ்ர்ர்ர்’ என்ற கரகரப்பு என்றால் ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறதா? அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுவதுதான் வழி.

2. ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் செருகியுள்ள இன்புட் வயர்கள் அத்தனையையும் உருவுங்கள். வயர் எதுவும் செருகாமல் ஆம்பை மட்டும் ஆன் செய்ததும் உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்புக்குள்தான், பழைய கெபாசிட்டராக இருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்கள் திறக்க வேண்டாம்.

உறுமல் நின்றுவிட்டதா? சரி, ஒவ்வொரு தடவையும் ஆம்பை அணைத்து, ஒவ்வொரு வயராகச் செருகி வாருங்கள். எதைச் செருகியதும் உறுமல் திரும்புகிறதோ, அதுதான் ஆள்.

3. டிவி வயர் என்றால், செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் தெருக் கேபிளைக் கழற்றுங்கள். ‘டக்’கென்று அமைதியாகிவிட்டால் விஷயம் விளங்கிவிட்டது. கேபிளின் வெளிப்பின்னலுக்குத் தெருவில் ஓர் எர்த், ஆம்புக்கு உங்கள் வீட்டு எர்த். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால் பாட்டு வரும் வயர் வழியே கரண்ட் ஓடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லேப்டாப்பால் வரும் உறுமலுக்கும் இதே மருந்து.

4. நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்னொரு சிக்கல், தூரம். டிவி உள்ளே வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி), ஆம்ப் வாசல் பக்கம் முகப்பில், நடுவில் பாட்டைக் கொண்டுபோகும் நீளமான ஆர்சிஏ வயர். அது ஆண்டெனா மாதிரி இரைச்சலை வாரிக்கொள்ளும். ஆம்பை டிவி பக்கத்திலேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் கொடுங்கள். முகப்புவரை ஸ்பீக்கர் வயரை இழுங்கள், அது நீண்டால் உறுமாது. ஆர்சிஏ வயர் கரண்ட் வயரோடு ஒட்டி ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறி மாதிரி நேர்குறுக்காகப் போகட்டும்.

5. உறுமல் போவதற்காக எர்த் பின்னை உடைத்துவிடும் ‘வைத்தியம்’ வேண்டவே வேண்டாம். உயிர் போகும் வேலை அது. பழைய வயரிங்கில் எர்த்தே இல்லாத பிளக் பாயிண்ட்டுகளும் உண்டு. ஆம்பின் உடம்பில் கை பட்டு விறுவிறு என்றால் உடனே மெயினை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்படியே எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.