தொலைத்தொடர்பு, ஐடி சேவை நிறுவனங்களின் தானியங்கி பில்லிங்: கணக்காளருக்கான செயல்முறை

தொலைபேசி இணைப்பு, இணையம், கிளவுட் லைசென்ஸ் விற்கும் நிறுவனத்தின் ஒரே இன்வாய்ஸில் மூன்று வகைத் தொகைகள் இருக்கும். மாதச் சந்தாவை முன்கூட்டியே வாங்குவார்கள். அழைப்புக்கும் டேட்டாவுக்கும் மாதம் முடிந்த பிறகு கணக்கிடுவார்கள். நிறுவல் கட்டணம் ஒரு முறைதான். மூன்றையும் கூட்டி அனுப்பும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தச் சேவைகளை நிறுவனத்துக்கு விற்கும் சப்ளையரின் பில்லையும் வாடிக்கையாளர் இன்வாய்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. லாபம் கசிவது அந்த இடைவெளியில்தான். கணக்காளர் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

முதலில் பொருள் பட்டியலைச் சரிசெய்யுங்கள். பில்லிங் மென்பொருளில் உள்ள ஒவ்வொரு பொருள் குறியீட்டுக்கும் வருமான லெட்ஜர், அதற்கு இணையான செலவு லெட்ஜர், வரிக் குறியீடு, முன்பணமா பின்பணமா என்ற நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறியீடு இல்லாத பொருள்கள் எல்லாம் ‘இதர வருமானம்’ என்ற ஒரே லெட்ஜரில் போய்ச் சேரும். பிறகு எந்தச் சேவையில் லாபம், எதில் நட்டம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து அழைப்புப் பதிவுகள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், விநாடிக் கணக்கில் நீளம் ஆகியவை கொண்ட சி.டி.ஆர். (அழைப்பு விவரப் பதிவு) கோப்பு சப்ளையரிடமிருந்து வரும். அதற்கு விலை போடும்போது முழுமையாக்கும் விதியைக் கவனியுங்கள். விதியின் முதல் எண், குறைந்தபட்சமாகக் கணக்கிடும் விநாடிகள். இரண்டாவது எண், அதற்குப் பிறகு எத்தனை விநாடிகளாகக் கூட்டிச் செல்வது என்பது. 61 விநாடி அழைப்பு, 60/60 விதியில் 120 விநாடி. 30/6 விதியில் 66. 1/1 விதியில் 61 மட்டுமே. சப்ளையர் 60/60 என்றும் நீங்கள் 1/1 என்றும் வைத்திருந்தால் குறுகிய அழைப்புகள் பெருகப் பெருக நட்டமும் பெருகும். மாதக் கடைசி நாளின் அழைப்புகள் வேறு நேர மண்டலத்தில் பதிவானால் அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும். ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றிவிடுவதும் அடிக்கடி நடப்பது. கோப்பின் பெயர், பதிவுகளின் எண்ணிக்கை, மொத்த விநாடிகள் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் உடனே தெரிந்துவிடும். எந்த வாடிக்கையாளருடனும் இணைக்கப்படாத எண்களின் பட்டியலை ஒவ்வொரு பில்லிங் சுழற்சியிலும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்களுக்குச் சப்ளையர் நம்மிடம் பணம் வாங்குகிறார், நாம் யாரிடமும் வாங்குவதில்லை.

லைசென்ஸ்களில் மூன்று எண்ணிக்கைகளை ஒப்பிடுங்கள்: சப்ளையர் பில்லில் உள்ளது, சேவை மென்பொருளில் இயங்குவது, வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் ஆனது. சப்ளையர் 48 என்றும் இன்வாய்ஸ் 42 என்றும் காட்டினால், மாதா மாதம் 6 லைசென்ஸ் இலவசமாகப் போகிறது. டெக்னீஷியன் சப்ளையர் தளத்தில் நேரடியாகப் பயனரைச் சேர்த்துவிட்டு பில்லிங்குக்குச் சொல்லாமல் விடுவதே வழக்கமான காரணம். ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கை தானாகவே இழுக்கப்படும் இணைப்பை அமைக்கச் சொல்லுங்கள். ஆண்டு ஒப்பந்த லைசென்ஸை வாடிக்கையாளர் நடுவில் நிறுத்தினாலும் சப்ளையர் மீதி மாதங்களுக்கு வசூலிக்கக்கூடும். எனவே இரண்டு ஒப்பந்தங்களின் முடிவுத் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

பகுதி மாதக் கணக்கையும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். மாதம் 1,500 உள்ள சேவை, 31 நாள் மாதத்தில் 17ஆம் தேதி தொடங்கினால் 15 நாள்கள். உண்மையான நாள்களால் வகுத்தால் 725.81, நிலையான 30 நாள் என்றால் 750. இரண்டுமே சரியான முறைகள்தான். ஒப்பந்தம் ஒன்றும் மென்பொருள் வேறொன்றும் சொன்னால் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் போன் செய்து கேட்பார்.

லெட்ஜரில் ஆண்டுச் சந்தா 12,000 வந்த அன்றே முழுவதையும் வருமானமாக எழுதக் கூடாது. மாதம் 1,000 மட்டும் வருமானம். மீதி, பொறுப்புப் பக்கத்தில் முன்பணமாக நிற்கும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, வருமானத்தைப் பதிவதற்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15ஐப் பின்பற்றும் நிறுவனம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மறுவிற்பனை லைசென்ஸ் வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் அது நம் கட்டுப்பாட்டில் இருந்ததா? இருந்தால் முழுத் தொகையும் வருமானம். இல்லையென்றால் கமிஷன் மட்டும். விற்பனை எண்ணே மாறிப்போகும் விஷயம் இது.

புதிய அமைப்புக்கு மாறும்போது குறைந்தது இரண்டு சுழற்சிகளாவது பழையதையும் சேர்த்து ஓட்டி, வாடிக்கையாளர் வாரியாக வித்தியாசம் எடுங்கள். மொத்தம் பொருந்தினால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் மொத்தத்தில் மறைந்துவிடும். அதன் பிறகும் இன்வாய்ஸ்களை அனுப்பும் முன் மூன்று பட்டியல்களை ஓட்டுங்கள்: பூஜ்யத் தொகை, சென்ற மாதத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் மாறியவை, செலவைவிட வருமானம் குறைந்தவை.

அனுப்பிய பின் பிழை தெரிந்தால் கணக்கு மென்பொருளில் உள்ள இன்வாய்ஸைத் திருத்தாதீர்கள். திருத்தினால் இரண்டு அமைப்புகளின் நிலுவையும் பிரிந்துவிடும். பில்லிங் மென்பொருளிலேயே கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட்டு, அது கணக்கு மென்பொருளுக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்.