ஹெர்பிஸ் ரிப்போர்ட்டில் 1.4: அந்த எண்ணை எப்படிப் படிக்கக் கூடாது

லேபை மூடுகிற நேரம் பார்த்துத்தான் இந்த ரிப்போர்ட்டோடு ஆள் வருவார். சுகர், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையெல்லாம் கவரோடு நீட்டுகிறவர்கள் இதை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார்கள். போன மாசி மாதம் வந்த தம்பியும் அப்படித்தான். முப்பது வயதுகூட இருக்காது. "அண்ணே, பாசிட்டிவ்னு போட்டிருக்கு. பக்கத்துல 1.4னுதான் இருக்கு. அப்போ கொஞ்சமாத்தான் இருக்கா?"

ஆறு மாதமாக முன்தோலில் எரிச்சலும் அரிப்புமாம். டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு, நெட்டில் தேடி, இன்னொரு லேபில் தானே பணம் கட்டி எடுத்திருக்கிறார். எச்எஸ்வி-2 ஐஜிஜி 1.4. எச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் வைரஸ்; ஒன்றாம் வகை பெரும்பாலும் உதட்டில், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் புண் தருவது. ஐஜிஜி அதை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை, பேசி முடித்த கல்யாணத்தையும் தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஆன்டிபாடி பார்க்கும் எலைசா தட்டோடு பல வருடமாக மாரடிக்கிற லேப் டெக்னீஷியன். அந்த 1.4 எப்படிப் பிறக்கிறது என்பது தெரியும், அதைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். தட்டில் 96 சின்னக் குழிகள். அடியில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். உங்கள் ரத்தத்தின் சீரத்தை அதில் விடுகிறோம். அந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். கடைசியில் சாயம் விட்டால் நீலம் ஏறும், அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று மெஷின் அளக்கிறது. அந்த அளவைக் கிட்டோடு வரும் ஒப்பீட்டுத் திரவத்தின் மஞ்சளால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எண். பெரும்பாலான கிட்டுகளில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 1.1க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான்.

ஆக, 1.4 என்றால் ஒப்பீட்டுத் திரவத்தைவிட உங்கள் குழி கொஞ்சம் கூடுதல் மஞ்சள். அவ்வளவே. சுகர் 140 என்பது போல ரத்தத்தில் இருக்கும் ஒன்றின் அளவு இல்லை. நோய் லேசா கடுமையா என்பதும் அதில் தெரியாது, வைரஸ் எவ்வளவு என்பதும் தெரியாது. அதே சாம்பிளை மறுநாள் ஓட்டினால் 1.2 வரலாம், 1.05கூட வரலாம். வேறு கம்பெனி கிட்டில் வந்த எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

பெரிய தவறு இதற்கு அடுத்துத்தான் நடக்கிறது. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் முடிந்தது கதை என்று நினைப்பது. எச்எஸ்வி-2 ஐஜிஜியில் 1.1 முதல் 3.0 வரை வரும் எண்கள் அடிக்கடி பொய் பாசிட்டிவாகப் போகின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021இல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டி, இந்த வரம்பில் வந்தால் வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம் என்கிறது. 2023இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் லேப்களுக்கு இதே எச்சரிக்கையை அனுப்பியது.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்டை ஏன் எடுக்கக் கூடாது என்று 2016இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு போட்ட கணக்கு ஒன்று உண்டு. 1,00,000 பேர், அதில் 16 சதவீதம் பேருக்கு உண்மையிலேயே எச்எஸ்வி-2 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தால் 15,840 பேருக்கு உண்மையான பாசிட்டிவ் வரும், 15,960 பேருக்குப் பொய் பாசிட்டிவ் வரும். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

உறுதி செய்யும் பரிசோதனைகளில் மேலானதாகக் கருதப்படுவது சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட், அதாவது வைரஸின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்ட். நம்மால் அங்கே ரத்தம் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தெருக்கோடி லேபில் எடுத்ததையே பஸ் ஸ்டாண்ட் லேபில் திரும்ப எடுத்து, இரண்டிலும் பாசிட்டிவ் என்று அழுவதில் பயனில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனி கிட் ஓடினால் ஒரே தப்பு இரண்டு தடவை வரும். "உங்கள் கிட் எந்த முறை, எந்தக் கம்பெனி?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

ஐஜிஎம் என்கிற இன்னொரு வகை ஆன்டிபாடி பற்றி ஒரு வார்த்தை. பேக்கேஜில் ஐஜிஜியோடு சேர்த்து விற்கிறார்கள், நாங்களும்தான், மறைப்பானேன். ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று என்பது பொதுப் பாடம். ஹெர்பிஸில் அந்தப் பாடம் செல்லாது. பழைய தொற்று திரும்பத் தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரும், ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்று ஒழுங்காகப் பிரிக்கவும் தெரியாது. அந்த வரியை வைத்துக்கொண்டு "போன மாசம்தான் வந்திருக்கு, யாரோட போனே?" என்று ஒரு குடும்பம் எங்கள் கவுண்டரிலேயே சண்டை போட்டிருக்கிறது.

ஒன்றாம் வகை பாசிட்டிவ் வந்தாலும் இதே சண்டைதான். உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எச்எஸ்வி-1 உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு. பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் பெரியவர்கள் கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வந்தது. உதட்டில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா, எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, இது எதையும் ரத்தம் சொல்லாது. இரண்டாம் வகை உறுதியானாலும் அப்படித்தான்: பத்து வருடத்துக்கு முன்பே வந்து சத்தமில்லாமல் கிடந்திருக்கலாம்.

நெகட்டிவ் வந்ததும் துள்ளிக் குதிப்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆன்டிபாடி உருவாகப் பல வாரம் பிடிக்கும். சந்தேகப்படும் சம்பவத்திலிருந்து 12 வாரம் கழிந்த பிறகு எடுத்தால்தான் அந்த நெகட்டிவுக்கு மதிப்பு.

சரி, ரத்தத்தை விடுவோம். ஆறு மாத எரிச்சலுக்கு வருவோம். "ரத்தத்தில் ஹெர்பிஸ் பாசிட்டிவ், கீழே எரிச்சல், ஆகவே எரிச்சல் ஹெர்பிஸால்தான்" என்று இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். அந்த வைரஸை உடம்பு எப்போதாவது சந்தித்திருக்கிறதா என்பதற்கு ரத்தம் பதில் சொல்கிறது. இன்று தோலில் என்ன என்பதைத் தோலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஹெர்பிஸ் வந்து வந்து போகும். கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளம், அது உடைந்து வலிக்கும் புண், பிறகு ஆறிவிடும். முதல் தடவை இரண்டு மூன்று வாரம் படுத்தும், திரும்ப வருவது பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். சிலருக்கு வெறும் கீறல் போல, லேசான சிவப்பாக மட்டும் வந்து ஏமாற்றும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு கொப்புளமோ புண்ணோ இல்லாமல் ஆறு மாதம் தினம் தினம் எரிகிறது என்றால் வேறு பக்கம் தேட வேண்டும்.

சர்க்கரை இருந்து முன்தோல் வெடித்து வெடித்து அரித்தால் பூஞ்சையை முதலில் சந்தேகிப்பார்கள். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். தொடை இடுக்குப் படர்தாமரைக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கிரீமே தோலை மெலிய வைத்து எரிச்சலைத் தரும். பயத்தில் தினம் நாலு வேளை டெட்டால் போட்டுக் கழுவுகிறவர்கள் கழுவுவதாலேயே புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு, அடிக்கடி திரும்பும் பூஞ்சைத் தொற்றும், தோல் வெளுத்துச் சுருங்கும் லைக்கன் ஸ்கிளரோசஸும் வருடக்கணக்கில் ஹெர்பிஸ் என்றே மருந்து வாங்கும். தோலில் எதுவுமே தெரியாமல் நரம்பு வலியாக இருப்பதும் உண்டு.

இதில் எனக்கு மறக்காத ஆள் ஒரு லாரி டிரைவர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆணுறுப்பு நுனியில் அதே இடத்தில் புண். ஹெர்பிஸ் என்றே முடிவு செய்து அதற்கான அசைக்ளோவிர் மாத்திரை தின்றுகொண்டிருந்தார். ஸ்கின் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "புண் வர்றதுக்கு முதல் நாள் என்ன மாத்திரை போட்டீங்க?" ரோட்டோரச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் மாத்திரை போடுவாராம். அந்த மருந்துக்குத்தான் தோல் அதே இடத்தில் கொதித்திருக்கிறது. ஆறிய பின் அங்கே ஒரு கருந்திட்டு நிற்கும், அதுதான் துப்பு. மாத்திரையை நிறுத்தினார், புண் வரவில்லை.

ஊரில் அக்கி என்கிறோமே, அதுவும் ஹெர்பிஸ் என்ற பெயரிலேயே ரிப்போர்ட்டில் வரும். அது சின்னம்மை வைரஸ் திரும்ப எழுவது, ஹெர்பிஸ் ஜோஸ்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

புண்ணோ கொப்புளமோ கண்ணுக்குத் தெரிகிறதென்றால், ரத்தம் கொடுக்காதீர்கள். புண்ணைக் காட்டுங்கள். கொப்புளம் வந்த முதல் இரண்டு நாளுக்குள், மருந்து எதுவும் ஆரம்பிக்கும் முன், பஞ்சுக்குச்சியால் அங்கிருந்தே எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ், எந்த வகை என்பதும் தெரிந்துவிடும். பொருக்கு தட்டிய பிறகு எடுத்தால் நெகட்டிவ் வரலாம், அதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டரைப் பார்க்கும் நாளில் புண் ஆறிப்போய்விடும் என்று தோன்றினால், வந்த அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூச்சப்படாதீர்கள், அவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது இதைத்தான்.

எந்தப் புண்ணானாலும் எச்.ஐ.வி.யும், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான விடிஆர்எல், டிபிஎச்ஏ ரத்தப் பரிசோதனைகளும் சேர்த்துப் பாருங்கள். வலிக்காத புண் என்று அலட்சியம் வேண்டாம், சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. ஒரு மாதம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் நாளைக்கே போங்கள். கர்ப்பிணிகள் ரிப்போர்ட்டை மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள், கடைசி மாதங்களில் புதிதாக வரும் தொற்றுதான் குழந்தைக்கு மிக அதிக ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும். போகவே பயமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்குப் போன் போட்டுப் பேசுங்கள், காசு கிடையாது.

அந்தத் தம்பியிடமும் ஏறக்குறைய இவ்வளவும் சொல்லி ஸ்கின் டாக்டரிடம் அனுப்பினேன். ஒரு வாரத்தில் சீட்டோடு வந்தார். எழுதியிருந்தது சர்க்கரை டெஸ்ட். வெறும் வயிற்றில் 212. அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுவரை அவருக்கே தெரியாது. பூஞ்சைக்கு மருந்து, சர்க்கரைக்கு மருந்து என்று இப்போது எரிச்சல் இல்லை. ஐஜிஜியை வேறு கிட்டில் ஒரு தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்கு இன்னும் வரவில்லை, சுகர் பார்க்கத்தான் மாதா மாதம் வருகிறார்.