81 பட்டை வைரம்: காசு எங்கே போகிறது?

கல்யாணம் பேசி முடித்த வீடுகளிலிருந்து இப்போது வரும் போன்கள் ஒரே மாதிரி தொடங்குகின்றன. “அண்ணே, கடையில் 81 பட்டை போட்ட கல் காட்டுறாங்க. சாதாரணக் கல்லைவிட நல்லா டால் அடிக்குமாமே, வாங்கலாமா?” காரைக்குடியில் கல் பார்த்து எடுத்து, தோடும், கழுத்தில் போடும் வைரப் பூச்சரமும் கட்டிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறவர்களைவிட, வாங்கி முடித்துவிட்டுக் கல்லோடு வருகிறவர்கள்தான் அதிகம். பில் வாங்குங்கள், சர்டிபிகேட் கேளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கு. பட்டை என்பது கல்லில் வெட்டியிருக்கும் தட்டையான முகம். கடையில் நாம் பார்க்கும் சாதாரண வட்ட வைரத்தில் 57 பட்டைகள். மேலே 33, அடியில் 24. அடி நுனியில் ஒரு பொடிப் பட்டை இருந்தால் 58. இந்த அமைப்பில் எந்தப் பட்டை எந்தச் சாய்வில் இருந்தால் ஒளி நன்றாகத் திரும்பும் என்று 1919இல் வைரம் வெட்டும் குடும்பத்துப் பொறியாளர் மார்செல் டால்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுக் காட்டினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை அதேதான். இதற்கு மேல் பட்டை கூட்டி 66, 73, 81, 91, நூற்றுக்கு மேலும் என்று தனித்தனிப் பெயர் சூட்டி விற்கிறார்கள். அந்தக் கூடுதல் பட்டைக்குக் கூடுதல் விலை.

பொடிக் கல்லில் அதிகப் பட்டை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்னும் ஆறாத எரிச்சல் இது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. பெண்ணுக்கு ஏழு கல் தோடு. ஒரு காதுக்கு ஏழு, மொத்தம் 14 கல், ஒவ்வொன்றும் 15 சென்ட் (0.15 காரட்) அளவு. எல்லாமே 81 பட்டை. அதே தரத்துச் சாதாரணக் கல்லைவிட நன்றாகவே கூடுதல் விலை கொடுத்து வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தார்கள். வளவில் பாயை விரித்து அந்தத் தோட்டை வைத்தார்கள். பக்கத்தில் வீட்டு ஆச்சி தன் தாயார் போட்டிருந்த பழைய ப்ளூ ஜாகர் (நீலச் சாயல் கொண்ட அந்தக் காலத்து வைரம்) தோட்டைக் கொண்டு வந்து வைத்தார். சாயங்கால வெளிச்சம். பழைய தோட்டை லேசாகத் திருப்பினால் ஒரு கல்லில் சிவப்பு, அடுத்ததில் நீலம் எனப் பளிச்சென்று வெட்டியது. புதுத் தோட்டில் வெள்ளையாக ஒரு நுண்ணிய மினுக்கம், அவ்வளவுதான். ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ன தம்பி, சீனியத் தூவின மாதிரில இருக்கு?”

அவர் சொன்னது சரி. 15 சென்ட் வட்டக் கல்லின் விட்டம் ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர். அதற்குள் 57 பட்டை என்பதே நெருக்கம். 81 போட்டால் ஒவ்வொரு பட்டையும் இன்னும் பொடியாகும். பட்டை அகலமாக இருந்தால் திரும்பி வரும் ஒளிக்கீற்றும் அகலமாக இருக்கும்; வெள்ளை ஒளி பிரிந்த நிறம் கண்ணுக்குத் தனியாகத் தெரியும். பட்டை பொடியானால் கீற்றும் பொடியாகிவிடும். கண்ணால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கலந்து மறுபடி வெள்ளையாகத் தெரியும். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருவதால்தான் வைரம் பளிச்சிடுகிறது. அந்த மாற்றமும் இதில் மங்கிப்போகும்.

பட்டை வெட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியின் புகழ்பெற்ற மஞ்சள் வைரத்தை 82 பட்டைகளோடு வெட்டினார்கள். அதன் எடை 128.54 காரட். அவ்வளவு பெரிய கல்லில் 58 பட்டை போட்டால் ஒவ்வொன்றும் பெரிய வெற்றிடமாகத் தெரியும், அதனால் கூட்டினார்கள். மறுபக்கம், கைக்கடிகாரத்தில் பதிக்கும் கடுகளவுக் கற்களுக்கு 17 பட்டை போதும் என்று குறைத்தார்கள். கல் பெருத்தால் பட்டை கூடும், சிறுத்தால் குறையும். 128 காரட் கல்லுக்குப் போட்ட கணக்கை 15 சென்ட் கல்லில் போட்டு, அதற்குத் தனி விலையும் கேட்டால் என்ன சொல்வது?

சாய்வு விஷயம் ஒன்றும் இருக்கிறது. வைரத்துக்குள் நுழைந்த ஒளி அடிப்பட்டையில் 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டால்தான் முழுதாகத் திரும்பும், இல்லாவிட்டால் பின்பக்கமாக வெளியேறிவிடும். அதனால்தான் அடிப்பக்க முக்கியப் பட்டைகளை 41 டிகிரியை ஒட்டி வைக்கிறார்கள். புதிதாக ஒரு வரிசைப் பட்டை சேர்த்தால், அதை வேறு சாய்வில்தான் வெட்டியாக வேண்டும். அதே சாய்வில் வெட்டினால் அது பழைய பட்டையோடு சேர்ந்துவிடும். கைதேர்ந்தவர் வெட்டினால் ஒளி வீணாகாது. சுமாரான கையில், கூடுதல் பட்டை ஓட்டையாகிவிடும்.

கதை இன்னும் முடியவில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, திருகாணி கழன்று தோடு கீழே விழுந்து ஒரு கல் விளிம்பில் உடைந்தது. வாங்கிய கடையில் அந்தப் பெயரில் கல் வருவதே நின்றுபோயிருந்தது. மற்ற கடைகளில் 81 பட்டை என்று சொல்லிக் காட்டிய கற்களில் பட்டைகள் வேறு விதமாக அமைந்திருந்தன. சாதாரண 57 பட்டைக் கல்லை வைத்துப் பார்த்தோம். ஆறுக்கு நடுவே அது ஒன்று மட்டும் தனியாகப் பளிச்சிட்டது. தோட்டின் அழகே ஏழும் ஒரே ஜாடையில் இருப்பதுதானே? கடைசியில் 14 கல்லையும் மாற்றும்படி ஆனது. எஞ்சிய 13 கல்லை விற்றபோது, கூடுதல் பட்டைக்கென்று ஒரு ரூபாய்கூட யாரும் தரவில்லை. முதலில் வாங்கும்போது அந்தக் கடையில் சொல்லியிருந்தார்களாம்: “பேத்தி காலம் வரைக்கும் போடலாம்.”

ஏழு கல் தோடு, எட்டுக் கல் பேசரி (மூக்குத்தி), பூச்சரம் என ஜோடி சேர்க்க வேண்டிய எந்த நகைக்கும் 57 பட்டைக் கல்லே எடுங்கள். நன்றாக வெட்டியதாகப் பார்த்து எடுங்கள். நாளைக்கு ஒன்று போனாலும் எந்த ஊரிலும் ஜோடி கிடைக்கும்.

இல்லாத மதிப்பெண்

வைரத்தைத் தரம் பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2006 முதல் கட்டிங்குக்கு மதிப்பெண் கொடுக்கிறது, ஆனால் வழக்கமான வட்டக் கல்லுக்கு மட்டும். கூடுதல் பட்டை போட்ட கல்லின் சர்டிபிகேட்டில் ‘ரவுண்ட் மாடிஃபைட் பிரில்லியன்ட்’ (வழக்கத்திலிருந்து மாற்றிய வட்டக் கட்டிங்) என்று இருக்கும். கட்டிங் மதிப்பெண் வரி இருக்காது. பாலிஷ், சிமெட்ரி இரண்டிலும் ‘எக்ஸலண்ட்’ இருப்பதைக் காட்டி, “பாருங்க, எல்லாமே எக்ஸலண்ட்” என்பார்கள். பாலிஷ் என்பது பட்டையின் வழவழப்பு, சிமெட்ரி என்பது பட்டைகளின் ஒழுங்கு. ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதை இரண்டுமே சொல்லாது. நீங்கள் காசு கொடுப்பதோ கட்டிங்குக்கு. அதைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தை இருக்காது.

பக்கத்தில் வைக்கும் கல்

81 பட்டைக் கல்லை எதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அடி தடித்து, நடுவில் இருண்டு கிடக்கும் மட்டமான 57 பட்டைக் கல்லாக இருக்கும். அதன் பக்கத்தில் எது வைத்தாலும் ஜொலிக்கும். “இதே விலைக்கு, கட்டிங் எக்ஸலண்ட் வாங்கிய சாதாரணக் கல்லை எடுங்க” என்று கேளுங்கள்.

கடை விளக்கு

கடை விளக்கில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். விடமாட்டேன் என்றால் எழுந்துவிடுங்கள்.

இடுப்புப் பட்டை

கல்லின் இடுப்பு விளிம்பிலும் பட்டை போடுவதுண்டு. 57 என்ற கணக்கில் அது வராது. நூறைத் தாண்டிய எண் சொன்னால், இடுப்பையும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள்.

எண்ணெய்

வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். சுரங்கங்களிலேயே கிரீஸ் தடவிய மேசையில் கல்லை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு மஞ்சள் என்று இருக்கும் நம் வீடுகளில் மூக்குத்தியும் தோடும் எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? அடியில் பசை படிந்தால் எந்தக் கல்லும் மங்கும். 81 பட்டை அதைக் காப்பாற்றாது.

எப்போது வாங்கலாம்

இரண்டு காரட்டுக்கு மேல் ஒற்றைக் கல் மோதிரம், அதிலும் பொடிப்பொடியான மினுக்கம்தான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். அது ரசனை, அதில் நான் தலையிடுவதில்லை. மஞ்சள் போன்ற நிறக் கற்களிலும் அதிகப் பட்டைக்கு வேலை உண்டு. 70 பட்டை ரேடியன்ட் கட்டிங்கில் ஒளி உள்ளேயே பல தடவை அலைந்து வருவதால் நிறம் அடர்த்தியாகத் தெரியும்.

திருப்பிக் கொடுக்கும்போது

வியாபாரிகள் பார்க்கும் ராப்பபோர்ட் பட்டியலில் வட்டக் கல்லுக்கு எடை, நிறம், சுத்தம் பார்த்து விலை இருக்கும். பட்டை எண்ணிக்கைக்குத் தனி விலை கிடையாது. “எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்” என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். கூடுதல் பட்டைக்கு வாங்கிய தொகையும் அதில் சேருமா என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் அந்த இடத்தில் பேனா நின்றுவிடும்.