ஊருக்குப் போனதும் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டியில் என்ன வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. கோபியோ தாராபுரமோ, போய் இறங்கிய அன்றே வீட்டுப் பெரியவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

இந்த முறை பெரியம்மாவை ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. கால் வீக்கம், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தது. மூட்டுவலிக்கு என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் இருந்தது, கடையிலேயே பல மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்த செட் மாத்திரை; கத்தரித்த அட்டைத் துண்டுகளில் பெயருமில்லை, தேதியுமில்லை, பில்லும் கிடையாது. பஸ் பிடித்துப் போய், அவர் அதை வாங்கிய ஊர் மெடிக்கலில் நின்றேன். "வலி மாத்திரைதானுங்க, எல்லாருக்கும் குடுக்கறதுதான்" என்றான் பையன். பெயரை எழுதிக் கொடு என்றால் ஓனர் வரணும் என்கிறான். ஓனர் வந்தார். பார்மசிஸ்ட் எங்கே என்று கேட்டால் சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுகிறார், அதற்குரிய ஆள் கடையில் இல்லை. இருட்டும்வரை நின்று வாங்கிய சீட்டில் டைக்ளோஃபினாக்கும் டெக்ஸாமெதசோனும் இருந்தன. முன்னது வலி மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு மாதக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பின்னது ஸ்டீராய்டு, வலி சட்டென்று அடங்கும், ஆனால் சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். டவுனுக்குப் போனால் ஒரு நாள் போச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை, கூடப் போகவேண்டிய நாங்கள் யாரும் ஊரில் இல்லை. ராத்திரி கூப்பிட்டாலும் கடையைத் திறந்து, காசு அப்புறம் குடுங்க என்று சொல்ல அந்தத் தம்பிதான் இருந்தான். "நல்ல பையன் கண்ணு, சண்டைக்குப் போயறாத" என்று படுக்கையிலிருந்தே சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது?

நான் இருக்கும் இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து தொண்டைவலி, காதுவலி உட்பட ஏழு உபாதைகளுக்கு பார்மசிஸ்டே பார்த்து மருந்து தரலாம். அந்தப் பழக்கத்தில் நம்மூர்க் கடையில் நிற்பவரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பார்மசிஸ்ட் இருக்காருங்களா என்று முதலில் கேளுங்கள், சட்டப்படி அவர் மேற்பார்வையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் எழுத வேண்டிய மருந்து. சளி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் உண்டு, மேலே காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். உங்கள் சொந்த மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் கேட்காதீர்கள், மூலப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அமெரிக்காவில் டைலெனால் என்று வாங்குவது நம்மூர் பாராசிட்டமால்தான்.

அப்புறம், 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறைப் பயிற்சியும் (பிசியோதெரபி) உண்டு. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கேட்டு, லீவு முடியும் முன்பே பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் பயிற்சிதான் முதலில் வேண்டும்.