அதிகம் ஓடிய காரை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஒன்றரை லட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய காரைக் கொழும்புப் பக்கம் வாங்கி அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுவருபவர்கள் முதலில் எஞ்சின் ஒயில்தான் மாற்றுவார்கள். மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் காசு மட்டாக இருந்தால் அது பிரேக்குக்கே போகவேண்டும். சமதரையில் ஓடிய காரின் பிரேக் கோளாறு இறம்பொடை இறக்கத்தில்தான் வெளியே வரும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 (டொட் என்பது பிரேக் ஒயிலின் தர எண்) ஒயில் 205 பாகை வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ஒயில் ஆவியாகி, பெடல் தளர்ந்து கீழே இறங்கிவிடும். அதனால் பழையது என்ன நிறத்தில் இருந்தாலும் முழுவதையும் மாற்றுங்கள். டொட் 4 ஒரு லீற்றர் சிறிய காருக்குப் போதும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்க விடாதீர்கள். பல வருடம் சீல் தொடாத இடத்தில் மாஸ்டர் சிலிண்டருக்குள் துருவோ அழுக்கோ இருக்கலாம்; சீல் அங்கே உரசினால் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்தால் போதும்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பிரேக் பேட்டைப் பாருங்கள். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும். உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பேட்டை அழுத்தும் கலிப்பர் நகரும் ஆணி (பின்) இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பின் சக்கரத்து டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரின் ரப்பரை மெல்ல விலக்குங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டர் போய்விட்டது.

அடுத்தது ரேடியேட்டர். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது மூடிதான். அதன் ரப்பர் வெடித்திருந்தால், மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணுள்ள புதியதை வாங்குங்கள். கூடிய எண் போட்டால் பழைய ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். உள்ளே துருத் தண்ணீர் இருந்தால் கழுவி, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுடவேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. நம் குளிருக்கு எஞ்சின் சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியா என்று விசாரியுங்கள். கொரொல்லா 110இன் 5ஏ எஞ்சினுக்குப் பெல்ட். 121இன் 1என்இசட்டுக்குச் செயின். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுங்கள். பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், சீல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கூலி ஒரு தடவையோடு முடியும்.

டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு) ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டிலுள்ள நாலு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். மழையும் பனிமூட்டமும் சேரும் வளைவுக்கு அவ்வளவு பழைய ரப்பர் ஆகாது. ஒட்டோ கியர் ஒயில் கறுத்திருந்தால் மெஷினால் அழுத்திக் கழுவ விடாமல், வடித்து ஊற்றி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி வடித்து ஊற்றுங்கள்.

ஷொக் அப்சோபர் லேசாகக் கசிந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம். பாட்டுச் செட்டும் சீட் கவரும் அதற்கும் பிறகு.