கல்லட்டி வளைவுகளில் ஃபிஜி எண்கள்

என் பேத்தி ஃபிஜியின் தலைநகர் சுவாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, உதகையில் இருந்தபடியே ஃபிஜி எண்களைக் கற்றேன். நீங்களும் கற்கலாம்.

ஒன்று முதல் பத்து வரை: ண்டுவா, ரூவா, தொலு, வா, லிமா, ஒனோ, வித்து, வாலு, திவா, தினி. பார்த்துப் படிக்காமல் உரக்கச் சொல்லுங்கள். முதல் எண்ணை ரோமன் எழுத்தில் வெறும் ‘டி’ போட்டுத் தொடங்குவார்கள். ஆனால் முன்னால் மூக்கொலி உண்டு, அதை விழுங்காதீர்கள். ஒன்பதை ‘சி’ எழுத்தில் தொடங்குவார்கள். அதன் ஒலி ‘அது’ என்னும்போது வரும் மென்மையான தகரம். தமிழ் நாக்குக்கு இது எளிது, கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

பத்துக்கு மேல் ‘க’ சேர்த்தால் போதும்: தினி க ண்டுவா, பதினொன்று. இருபது, ரூவாசஙவுலு, இதில் ‘ங’ ஒலி ‘அங்ஙனம்’ என்பதில் வருவதுபோல. முப்பது, தொலுசஙவுலு. நூறுக்கு ‘ண்ட்ராவு’.

பயிற்சிக்கு மசினகுடி பஸ்ஸைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. பலகை தெரிந்ததும் ஃபிஜி மொழியில் சொல்லிவிட வேண்டும். முப்பத்தாறு: தொலுசஙவுலு க ஒனோ.

பொருளைச் சேர்த்துச் சொல்ல, எண்ணுக்கு முன் ‘எ’, பின் ‘நா’ வரும்: ‘எ லிமா நா டோலா’, ஐந்து டாலர். ஆட்களை எண்ணும்போது மட்டும் ‘லெவெ’ சேருங்கள்: ‘எ லெவெ ரூவா’, இருவர்.