மேப்பிள் டியூப்: சீசன் முடிந்ததும் கழுவி எடுத்து வைப்பது எப்படி?

மேப்பிள் மரத்தில் துளையிட்டு, அதில் குழாய் போன்ற ஒரு சின்ன முனையை அடித்து, டியூப் வழியாக வாளியில் இறங்கும் இனிப்பு நீரைக் காய்ச்சித்தான் மேப்பிள் பாகு செய்கிறோம். மரத்தில் மொட்டு வீங்கி, வாளியில் விழும் நீர் மஞ்சளாகக் கலங்கினால் மேப்பிள் சீசன் முடிந்தது என்று அர்த்தம். கனடாவின் ஒன்டாரியோவில் இது பெரும்பாலும் ஏப்ரலில் வரும். சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும் என்பதால், அதற்குள் நமக்கு அலுத்துப் போயிருக்கும். 'டியூபை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்' என்று தோன்றும். அந்த வாரமே கழுவிவிடுங்கள்.

பதநீரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மேப்பிள் நீரில் சர்க்கரை 2% அளவுதான், ஆனாலும் அதே கதைதான். சூடு ஏறினால் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகி டியூபின் உட்சுவரில் வழவழவென்று படியும். அடுத்த சீசனில், இரவு உறைபனி விழும்போது மரம் டியூபில் நிற்கும் நீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். டியூபில் இருக்கும் அழுக்கு அப்படியே மரத்தின் துளைக்குள் போய், சீசன் பாதியிலேயே நீர் வருவதை நிறுத்திவிடும்.

இங்கே சொல்வது ஐந்து பத்து மரம் வைத்திருப்பவர்களுக்கு. பெரிய தோட்டங்களில் டியூபைக் கழற்றாமல் மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அது வேறு வேலை.

முதலில் மரத்தில் அடித்த முனையைப் பிடுங்குங்கள். ஆட்டி ஆட்டி எடுத்தால் துளை கிழியும். நேராக இழுக்க வேண்டும். துளையை எதையும் வைத்து அடைக்காதீர்கள், மரமே மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் முனையைக் குப்பையில் போடுங்கள். விலை குறைவு, அடுத்த வருடம் புது முனை போட்டால் நீர் கூடுதலாக வரும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்து டியூப். சுமார் 8 மி.மீ. துளைக்குள், அதுவும் இத்தனை நீளத்துக்கு, பிரஷ் விட்டுத் தேய்க்க முடியாது. நீரின் வேகம்தான் தேய்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரைப் புனலிலோ சின்னப் பம்பிலோ விட்டு, வெளியே வருவது தெளியும் வரை ஓட்டுங்கள். சோப்பு கூடாது. வாசம் தங்கிவிடும், பாகிலும் வரும்.

வழவழப்பு போகவில்லையா? வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 20 பங்கு. டியூபைச் சும்மா வாளியில் அமுக்கினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். டியூபின் ஒரு பக்கத்திலிருந்து ஊற்றி, மறுபக்கத்தில் குமிழி நிற்கும் வரை நிரப்புங்கள். கால் மணி நேரம் போதும். ப்ளீச்சோடு வினிகரோ வேறு மருந்தோ கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது அலசுங்கள். ப்ளீச் உப்பை விட்டுப்போகும். அந்த உப்புக்காகவே அணில் டியூபைக் கடிக்கும். அணில் பல் பட்ட இடத்தை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

காய வைப்பதில்தான் பலரும் ஏமாறுவார்கள். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், கோடையில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஒரு கொடியில் நடுப்பகுதியைப் போட்டு, இரண்டு வாயும் கீழே தொங்கும்படி நிழலில் சில நாள் விடுங்கள். கம்ப்ரஸர் இருந்தால் ஒருமுறை காற்று அடித்துவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் மடங்காமல் பெரிய வளையமாகச் சுற்றி, எந்த மரத்துடையது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். முதல் வருடம் நான் வாயைத் திறந்தபடி ஷெட்டில் மாட்டிவைத்தேன். பிப்ரவரியில் எடுத்தால் உள்ளே எறும்புக் கூடு. இப்போது இரண்டு வாயிலும் சுத்தமான துணியைக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத மூலையில் வைக்கிறேன். எலியும் நெருங்காது.

அடுத்த சீசனில் புது முனையோடு மாட்டியதும், முதலில் வரும் நீரைச் சேகரிக்காமல் கீழே ஓட விடுங்கள்.